ஆக்ரிக்காரரும் எடுக்காத குப்பை: எரிப்பதா, புதைப்பதா, அனுப்புவதா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் சொந்தம் கேரள, தமிழ்நாட்டு எல்லைக்கு இரண்டு புறமும் பரவிக் கிடக்கிறது. அக்கா மகள் கேரளத்துப் பக்கம் பஞ்சாயத்து மெம்பர். பெரியப்பா மகன் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் கவுன்சிலர். போன மாதம் ஒரு வளைகாப்புப் பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார, பேச்சு குப்பைக்கு வந்துவிட்டது. "மாமா, பாட்டில், அட்டை, பால் கவர் எல்லாம் போயிருது. பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரர் வேண்டாம்னு தள்ளிவிடறது இருக்குதே, அதை என்ன பண்றதுன்னுதான் தெரியலைங்க" என்றாள் அவள். "எங்க கிடங்குலயும் அதுதான் மலையா நிக்குது" என்றார் அண்ணன்.

நகராட்சியில் துப்புரவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். பந்தியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற மெம்பர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

மிச்சம் என்று எதைச் சொல்கிறோம்

முதலில் அக்கா மகளின் பஞ்சாயத்துக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாகப் போய் மாதம் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு, கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக்கைச் சேகரித்து வருகிறார்கள். ஒரு மூட்டையை மேசையில் கொட்டினார்கள். முக்கால்வாசி பால் கவர், நல்ல சரக்கு. நடுவில் கேரி பேகில் சுற்றிய ஒரு டயபர். ஊதிப்போய், ஒரு பக்கம் வெடித்து, உள்ளிருந்த கூழ் பால் கவர்களின் மேல் பரவியிருந்தது. ஒரு அக்கா குச்சியால் அதைத் தள்ளி வைத்தார். பிறகு அந்த மூட்டை முழுவதையும் இழுத்து 'ரிஜெக்ட்' என்று எழுதிய மூலையில் போட்டார். விலை போக வேண்டிய சரக்கு ஒரே டயபரால் குப்பையாகிவிட்டது.

அந்த மூலையில் கிடந்ததை மூன்றாகப் பிரிக்கலாம். சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு உறைகள், அறுந்த செருப்பு, ரெக்சின் பை, தெர்மாகோல், கிழிந்த துணி இவை உலர்ந்தவை, எரியக்கூடியவை. பிஸ்கட் உறையைக் கிழித்து உள்பக்கம் பாருங்கள், வெள்ளியாக மின்னும். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. பிரித்தெடுக்கக் கட்டுப்படியாகாது என்பதால்தான் யாரும் விலைக்கு எடுப்பதில்லை. நாப்கின், டயபர், புண்ணுக்குக் கட்டிய துணி இவை ஈரமும் கிருமியும் உள்ளவை. உடைந்த கோப்பை, ஓடு, கண்ணாடிச் சில்லு, பெருக்கிய மண் இவை எரியவும் எரியாது, மக்கவும் மக்காது.

இந்த மூன்றுக்கும் ஒரே வழியைத் தேடும்போதுதான் ஊராட்சிகள் முதல் தப்பைச் செய்கின்றன.

எதை வைத்து எடை போடுவது

என்னிடம் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. இந்தக் குப்பை கடைசியாகப் போய்ச் சேரும் இடம் எது, அதை நாமே போய்ப் பார்க்க முடியுமா? நம் கிணற்றுக்கும் காற்றுக்கும் என்ன ஆகும்? விலைப்புள்ளியில் எழுதாத செலவு என்ன? சரக்கு நனைந்தாலோ கலந்தாலோ அந்த வழி தாங்குமா? பத்து வருஷம் கழித்து வேண்டாம் என்றால் வெளியே வர முடியுமா?

இவற்றில் முதல் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். எல்லையோரத்தில் ஒரு வழி மலிவாக இருந்தால், பெரும்பாலும் கடைசி இடத்தைச் சொல்லாமல் விட்டதால்தான் அது மலிவாக இருக்கும்.

பஞ்சாயத்தே இன்சினரேட்டர் வைத்துக்கொள்வது

பட்ஜெட்டில் நிதி மிஞ்சினால் முதலில் வரும் யோசனை இது. குப்பையை எரிக்கும் சின்ன மெஷின், ஒரு புகைபோக்கி, திறப்பு விழா. குப்பை ஊரைத் தாண்டாது, லாரி வாடகை கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நான் வேலையில் இருந்தபோது ஓர் ஊரில் இதை அருகிலிருந்து பார்த்தேன். வாங்கிய மெஷினில் இரண்டு அறை. இரண்டாம் அறை 950 டிகிரிக்குக் குறையாமல் காய வேண்டும், புகை அதில் இரண்டு விநாடியாவது தங்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. அந்தச் சூட்டை எட்ட டீசல் வேண்டும். முதல் மாதம் டீசல் பில் வந்ததுமே இரண்டாம் அறையின் பர்னரை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் ஈர டயபரும் பிவிசி பையும் சேர்ந்து அரைகுறையாக வெந்தன. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியெல்லாம் கறுப்புப் பொட்டு. அந்த வீட்டுக்காரர் வேட்டியை மடித்து அலுவலகத்துக்குக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். எங்களிடம் பதில் இல்லை.

வேட்டியில் விழுந்தது கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாதது டயாக்சின் என்ற நச்சு. பிவிசி போலக் குளோரின் உள்ள பொருள் குறைந்த சூட்டில் எரியும்போது உண்டாவது. தீவனப் புல்லில் படிந்து, மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, பாலில் வரும். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் நாங்கள் பால் கறந்து பிழைக்கிறவர்கள். சாம்பல் வேறு இருக்கிறது. அதற்கும் ஓர் இடம் வேண்டும். அந்த ஊரில் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழியில் கொட்டினார்கள்.

தனி ஊராட்சிக்கு இதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். லாரி போக முடியாத மலைக் குடியிருப்பில், நாப்கின் ஓடையில் விழுவதைத் தடுக்கச் சின்ன மின் எரிப்பான் வைப்பது ஒன்றுதான் விலக்கு. அங்கேயும் சாம்பலைச் சேர்த்து வைத்துக் கீழே அனுப்ப வேண்டும்.

நிலத்தில் புதைப்பது

குப்பை மேட்டுக்கும் முறையான புதைநிலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. புதைநிலம் என்றால் அடியில் 90 சென்டிமீட்டர் களிமண், அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு, ஊறி வரும் கறுப்புத் தண்ணீரைப் பிடித்துச் சுத்திகரிக்கும் அமைப்பு, தினமும் மண் மூடுவது. நிரம்பி மூடிய பிறகும் 15 வருஷமாவது கண்காணிக்க வேண்டும். அந்த 15 வருஷச் செலவை எந்த விலைப்புள்ளியிலும் நான் பார்த்ததில்லை.

ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், வீடு, குடிநீர்க் கிணறு, நெடுஞ்சாலை இவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது 2016 விதிகளின் கணக்கு. வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி வழியாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள். தோப்புக்கு ஒரு கிணறு, ஊருக்கு ஓர் ஏரி, இடையில் வாய்க்கால். இடம் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் மக்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பெருமாட்டிப் பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. அங்கிருந்த குளிர்பான ஆலையிலிருந்து உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்த கசடில் காரீயமும் காட்மியமும் இருந்தது 2003-இல் தெரியவந்தது. ஆலை 2004-இல் நின்றது. தண்ணீர் கெட்டதைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்களிடம் போய் "விரிப்பு போட்டிருக்கிறோம், கசியாது" என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில், மூடாத பிளாஸ்டிக் உறை அரை நாளில் நாலு தோப்பு தாண்டிப் போயிருக்கும்.

அப்புறம், முறையாகச் செய்யாத புதைப்பு கடைசியில் நெருப்பில்தான் முடிகிறது. 2023 மார்ச் 2-இல் கொச்சி பிரம்மபுரத்தில் பிடித்த தீ பத்து நாளுக்கு மேல் நகரத்தைப் புகையில் வைத்திருந்தது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கு எரிந்தது. இரண்டும் புதைநிலம் இல்லை, திறந்த மேடுகள். ஆனால் மேடாக்கவா யாரும் ஆரம்பிக்கிறார்கள்?

எரியாத மூன்றாம் வகைக்கு மட்டும் புதைப்பதே சரி. ஓடும் சில்லும் மண்ணும் ஊறி விஷமாகாது. பள்ளம் நிரப்பவும் ஆகும். கிலோவுக்கு 1,500 கிலோகலோரி, அதற்கு மேல் வெப்பம் தரும் குப்பையைப் புதைக்கவே கூடாது என்று 2016 விதிகளே வைத்திருந்தன. சிப்ஸ் உறையும் செருப்பும் அந்த அளவை எளிதாகத் தாண்டும்.

சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவது

சிமெண்ட் சூளையில் தீ நாக்கு ஏறக்குறைய 2,000 டிகிரி. கல் வேகும் சூடு 1,450 டிகிரி. அந்தச் சூட்டில் அரைவேக்காடு என்ற பேச்சு இல்லை. சுண்ணாம்பு நிறைந்த சூளை என்பதால் அமிலப் புகையையும் பெருமளவு அதுவே பிடித்துக்கொள்கிறது. சாம்பல், சூளையில் வெந்து வரும் சிமெண்ட் கட்டியான கிளிங்கரோடு சேர்ந்துவிடும், புதைக்க மிச்சம் இருக்காது. நிலக்கரியும் கொஞ்சம் மிச்சமாகும். உலர்ந்த முதல் வகைக்கு, இன்றைய நிலையில் இதுதான் எனக்குச் சரியென்று படுகிறது. கேரளத்தில் கிளீன் கேரளா கம்பெனி பஞ்சாயத்துகளிடமிருந்து எடுத்து ஆலைகளுக்கு அனுப்புகிறது. தமிழ்நாட்டில் அரியலூர் ஆலைகளுக்கு ஊர்களிலிருந்து லோடு போகிறது.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம்.

ஆலை எல்லாவற்றையும் எடுக்காது. ஈரம் கூடாது, மண் கூடாது, கண்ணாடி, இரும்பு கூடாது. பிவிசி கூடவே கூடாது, அதன் குளோரின் சூளையின் மேல்பகுதியில் கட்டியாகப் படிந்து வழியை அடைக்கும். பழைய பேனர், ரெக்சின், மழைக்கோட்டு எல்லாம் பிரிக்கும் மேசையிலேயே தனியாகப் போக வேண்டும். நனைந்த லோடு வாசலிலேயே திரும்பும். போக வர இரண்டு வாடகையும் ஊராட்சியின் தலையில். ஆகவே கொட்டகைக்கு நல்ல கூரை, பக்கச் சுவர், உயர்த்திய தரை மூன்றும் இல்லாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது. தென்மேற்குப் பருவமழையில் சாரல் பக்கவாட்டில்தான் வரும்.

உறை எடையில்லாத சரக்கு. அப்படியே அடைத்தால் லாரி நிறைந்துவிடும், எடை பாதிகூட ஏறாது. காற்றைச் சுமக்க வாடகை கொடுக்கிறோம். பேலிங் மெஷினில் அழுத்திக் கட்டினால்தான் தூரம் கட்டுப்படியாகும். இங்கிருந்து அரியலூர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். மதுக்கரையிலும் வாளையாரிலும் ஆலை இருக்கிறதே என்று கேட்கலாம். பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. இந்த வகைக் குப்பையை எரிக்க அந்த ஆலைக்கு அனுமதியும், ஊட்டும் கருவியும், வாங்கும் மனமும் மூன்றும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருந்தால் அதுவே முதல் தேர்வு.

ஆலையைச் சுற்றியும் ஊர் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் புகைபோக்கி அளவீட்டைக் கேட்பார்கள். நாம் அனுப்புகிறவர்கள், நாமும் கேட்க வேண்டும்.

குப்பையில் மின்சாரம்

பெரிய ஊர்களுக்கான பேச்சு இது, சுருக்கமாகவே சொல்லலாம். 1987-இல் தில்லி திமார்பூரில் தினம் 300 டன் எரிக்கும் நிலையம் கட்டினார்கள். நம் குப்பையின் ஈரத்தால் எதிர்பார்த்த சூடு வரவில்லை. 21 நாள் ஓடி நின்றது. இன்றைய நிலையங்கள் அதைவிடத் தேறியவைதான். ஆனாலும் தினம் நூற்றுக்கணக்கான டன் வேண்டும், இத்தனை டன் தருவோம் என்று இருபது இருபத்தைந்து வருஷ ஒப்பந்தம் கேட்பார்கள். குப்பையைக் குறைத்தால் அபராதம் கட்டுகிற நிலைக்கு ஊர் வந்துவிடும். சின்ன ஊராட்சி இதில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மாநகராட்சி கட்டினால் கையெழுத்துப் போடும் முன் குறைந்தபட்ச அளவைப் படியுங்கள்.

தாரோடு கலந்து சாலை போடுவது

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கொண்டுவந்த முறை. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சுமார் 160, 170 டிகிரி சூட்டில் உள்ள ஜல்லிமேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகி மேலே பூச்சாகப் படியும், பிறகு தார். ஒற்றைத் தட சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும். பழைய கவருக்கு நல்ல வழி. ஆனால் இதிலும் பிவிசி சேராது, செருப்பு சேராது, அழுக்குச் சேராது. சாலை வேலை வருஷத்தில் சில மாதம்தான், குப்பை தினமும் வருகிறது. ஊரில் சாலை ஒப்பந்தம் நடக்கும்போது துருவித் தருவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

"நான் எடுத்துட்டுப் போறேன்" என்று வருகிறவர்

அக்கா மகள் கடைசியாகத்தான் இதைச் சொன்னாள். ஓர் ஏஜென்ட் வந்திருக்கிறார். கிலோவுக்கு மற்றவர் கேட்பதில் பாதி. பிரிக்க வேண்டாம், கட்ட வேண்டாம், ராத்திரி லாரி வரும். எங்கே போகும் என்று கேட்டிருக்கிறாள். "தமிழ்நாட்டுப் பக்கம் பார்ட்டி இருக்கு" என்பதுதான் பதில்.

அவள் இதைச் சொன்னபோது அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவருடைய பேரூராட்சியில் ஒரு தென்னந்தோப்பில், காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் இருபது முப்பது மூட்டை கிடப்பதைப் பார்த்தார். ஒன்றைப் பிரித்தபோது மேலேயே ஒரு கரண்ட் பில், மலையாளத்தில். உள்ளே டயபர், மருந்துப் பட்டை, ஊசி. தோப்புக்காரர் சொந்தக் காசில் டிராக்டர் வைத்து அள்ளினார். அந்தக் குப்பைக்கு யாரோ ஒரு வீட்டுக்காரர் மாதாமாதம் காசு கொடுத்திருப்பார். முறையாகப் போகிறது என்று நம்பித்தான் கொடுத்திருப்பார்.

2024 டிசம்பரில் இதுவே பெரிய அளவில் நடந்தது. திருவனந்தபுரம் மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலி கோடகநல்லூர், பழவூர்ப் பக்கம் கொட்டிக் கிடந்தது. மூன்று நாளில் அள்ள வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. கேரளத்திலிருந்து லாரிகள் வந்து திரும்ப ஏற்றிக்கொண்டு போயின. ஏற்றிய கூலி, இறக்கிய கூலி, திரும்ப ஏற்றிய கூலி, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்தால் பாதி விலை என்பது எத்தனை மடங்கு ஆகியிருக்கும்?

என் ஐந்து கேள்விகளில் முதலாவதுக்கே இவரிடம் பதில் இல்லை. எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

டயபரும் நாப்கினும்

சிமெண்ட் ஆலை ஈரத்தை எடுக்காது, புதைத்தால் மக்காது, கொட்டகையில் ஒரு நாள்கூட வைக்க முடியாது. இரண்டாம் வகைக்கு உரிமம் உள்ள பெரிய எரிநிலையம் ஒன்றுதான் வழி. கொச்சி அம்பலமுகளில் அப்படி ஒன்று இருக்கிறது. எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். மலம்புழாவில் இந்திய மருத்துவச் சங்கத்தின் 'இமேஜ்' நிலையம் பக்கம்தான், ஆனால் அது மருத்துவமனைக் கழிவுக்காக ஏற்பட்டது. வீட்டுச் சரக்கை எடுக்க ஒப்புக்கொள்ள வைக்க மாவட்ட அளவில் பேசித்தான் ஆக வேண்டும்.

கிலோ கணக்கில் கட்டணம் கொடுக்கும்போது டயபர் எடையில் பெரும்பகுதி சிறுநீர்தான். கைக்குழந்தை உள்ள வீடும், படுக்கையில் முதியவர் உள்ள வீடும்தான் அதிகம் கொடுக்கும், கொடுக்க முடியாதவையும் அவைதான். இந்த வீடுகளுக்குப் பஞ்சாயத்து மானியம் தர வேண்டும். இல்லாவிட்டால் டயபர் மறுபடி பால் கவர் மூட்டைக்குள்தான் வரும், அல்லது ராத்திரி வாய்க்காலுக்குப் போகும்.

இன்னொரு வழி குறைப்பது. எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி, பெண்களுக்கு மாதவிடாய்க் கப் வழங்கி, 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாப் பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது. துணி டயபரும் அப்படித்தான். கட்டாயப்படுத்தக் கூடாது, அங்கன்வாடியில் பக்குவமாகச் சொல்லிக் கொடுக்கலாம்.

எதற்கு எது

| சரக்கு | முதல் தேர்வு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| உலர்ந்த உறை, செருப்பு, துணி | சிமெண்ட் ஆலை | நனையாத கொட்டகை, பேலிங், பிவிசி நீக்கம் |
| சுத்தமான பழைய கவர் | ஆக்ரிக் கடை, அதன்பின் சாலை | வேலை நடக்கும் மாதங்களில் மட்டும் |
| நாப்கின், டயபர் | உரிமம் உள்ள எரிநிலையம் | தனிப் பை, தனி வண்டி, ஏழை வீட்டுக்கு மானியம் |
| ஓடு, சில்லு, மண் | புதைப்பு, பள்ளம் நிரப்பல் | கிணற்றிலிருந்து தள்ளி |
| பிவிசி, பேனர் | தனியே சேர்த்து அனுமதி பெற்ற நிலையத்துக்கு | எங்கேயும் எரிக்கக் கூடாது |

ஒப்பந்தம் எழுதும்போது மூன்று வரி மறக்காமல் சேருங்கள். வண்டி எண்ணோடு புறப்படும் இடத்து எடைமேடைச் சீட்டும், சேரும் இடத்து எடைமேடைச் சீட்டும் இரண்டும் வந்த பிறகே பணம். எல்லை தாண்டும் லோடு என்றால் இரண்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கும் முன்கூட்டியே கடிதம், நகல் ஓட்டுநர் கையில். வருஷத்தில் இரண்டு முறை, சொல்லாமல், மெம்பர் ஒருவர் லாரியோடு போய்வரும் உரிமை.

அக்கா மகள் ஏஜென்ட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆனால் யூசர் ஃபீ கணக்கு அவளை உறுத்துகிறது. 6,000 வீடு, ஒவ்வொன்றும் 50 ரூபாய் என்றால் மூன்று லட்சம். எல்லா வீடும் தராது. வருவது சேனைப் பெண்களின் உழைப்புக்கே சரியாகப் போகும், போகவும் வேண்டும். லாரி வாடகையை அதிலிருந்து எடுக்கக் கூடாது, பஞ்சாயத்தின் சொந்த நிதியில் தனித் தலைப்பு வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் கேட்டது ஒன்று பாக்கி: எல்லைக்கு இரண்டு புறமும் சேர்ந்து ஒரே பேலிங் மெஷின் வைக்க முடியுமா? இரண்டு மாநிலம், இரண்டு நிதிக் கணக்கு, தணிக்கையில் சிக்கும். அதற்குப் பதில் அவரவர் பக்கத்தில் மூன்று ஊர் சேரலாம். ஒரு பஞ்சாயத்து ஒரு லாரி லோடு சேர்க்க மூன்று மாதம் ஆகிறது என்றால், மூன்றும் சேர்ந்தால் ஒரே மாதம். ஆனியில் கட்டிய மூட்டை ஆடிச் சாரலில் நனைவதற்குள் கிளம்பிவிடும்.